அக்ரிலிக் மீன் தொட்டியின் கீறலை நீக்கித் தருகிறோம் என்பவர்களை நம்பாதீர்கள்: 6,500 ரூபாயும் போயிற்று, தொட்டியும் போயிற்று

அக்ரிலிக் (கண்ணாடி போலத் தெளிவான பிளாஸ்டிக்) மீன் தொட்டியின் கீறல்களை வீட்டுக்கே ஆளனுப்பி நீக்கித் தருவதாகச் சொல்லும் ஒரு சேவைச் செயலியை நம்பி, 6,500 ரூபாயையும் 250 லிட்டர் தொட்டியையும் ஒருசேர இழந்திருக்கிறேன். இன்னொருவர் இப்படி ஏமாறக் கூடாது என்பதற்காகவே, ஆத்திரம் அடங்குமுன் இதை எழுதுகிறேன்.

காந்தத் துடைப்பானில் மணல் சிக்கியதால் தொட்டியின் உட்பக்கத்தில் கீறல்கள் விழுந்திருந்தன. வந்தவர் ஒவ்வொரு கீறலின் மேலும் விரல் நகத்தை ஓட்டிப் பார்த்து, நகம் தட்டினால் வாட்டர் பேப்பர் (நீர் விட்டுத் தேய்க்கும் உப்புத்தாள்) போட வேண்டும், தட்டாவிட்டால் பாலிஷே போதும் என்றார். அது சரியான பேச்சு. 600, 800, 1000, 1500, 2000 என்று தாள்களின் சொரசொரப்பு எண்களையும் வரிசை பிசகாமல் சொல்லி, "மீனுக்கு ஆகாத எதையும் உள்ளே தடவ மாட்டேன் சார்" என்று உறுதியும் அளித்தார். இத்தனை தெரிந்தவரை எப்படிச் சந்தேகிப்பது?

முன்பணமாக 6,500 ரூபாயும் கைக்கு வந்தபின், அவர் சொன்ன தாள்களில் ஒன்றைக்கூடப் பையிலிருந்து எடுக்கவில்லை. நீர் விட்டுக் கையால் தேய்க்க வேண்டிய பரப்பில், கிரைண்டரில் பஞ்சுச் சக்கரத்தை மாட்டி உலர்வாகவே அழுத்தினார். அக்ரிலிக் ஏறத்தாழ 100 டிகிரி செல்சியஸிலேயே இளகத் தொடங்கும் பொருள். அந்தச் சூட்டோடு, நான் தடுக்கத் தடுக்கத் தின்னர் நனைத்த துணியாலும் துடைத்தார். பிறகு, வெள்ளைப் பசை பூசியிருந்த நிலையிலேயே, "கணக்கை முடித்துவிட்டுத் துடைத்துத் தருகிறேன், ஓடிபி சொல்லுங்கள்" என்றார்.

நானும் சொல்லிவிட்டேன். அவர் போனபின் பசையைத் துடைத்ததும் தெரிந்தது, பரப்பெங்கும் மயிரிழை வெடிப்புகள். தொலைபேசியில் கேட்டபோது, தண்ணீர் நிரப்பினால் மறைந்துவிடும் என்றார். நீரின் ஒளிவிலகல் எண் 1.33, அக்ரிலிக்கினுடையது 1.49, அந்த நெருக்கத்தால் உட்பக்கத்து மெல்லிய கீறல்கள் நீரில் மங்கித் தெரியும் என்பது உண்மைதான். வெடிப்பு அப்படி மறையாது, மறையவும் இல்லை. மறுமுறை அழைத்தபோது, நான்தான் எதையோ ஊற்றித் துடைத்திருப்பேன் என்று பழியைத் திருப்பினார். அதன்பின் அழைப்பையே எடுப்பதில்லை. செயலிக்காரர்களோ, பேசும் ஒவ்வொருவரும் முதலிலிருந்து கதை கேட்டுவிட்டு, பணி முடிந்ததை ஓடிபி மூலம் நானே உறுதி செய்ததாகச் சொல்லிப் புகாரை மூடுகிறார்கள். கடைசியில் 200 ரூபாய்க்குக் கூப்பன் தந்தார்கள். 6,500 ரூபாய்க்கு 200 ரூபாய்க் கூப்பன்! கொளத்தூரில் தொட்டி செய்பவர் ஒருவர், இது இனி நீரின் அழுத்தத்தைத் தாங்கும் என்று நம்ப முடியாது என்று சொல்லிவிட்டார். தேசிய நுகர்வோர் உதவி எண்ணான 1915-இல் புகார் பதிந்திருக்கிறேன்.

கீறலை முறையாக நீக்குவது எப்படி என்று விரிவாக எழுத எண்ணியிருந்தேன். இப்போது அதற்கு மனமில்லை. தின்னர், ஆல்கஹால், அம்மோனியா கலந்த கண்ணாடித் துடைப்பு நீர் எதையும் அக்ரிலிக் அருகே விடாதீர்கள். உலர்ந்த பரப்பில் இயந்திரத்தை வைப்பவரை உடனே நிறுத்துங்கள். தொட்டியைக் கழுவி, வெளிச்சத்தில் பார்த்து முடிக்கும்வரை ஓடிபியைச் சொல்லாதீர்கள்.