மேற்கை முறிவுக்குத் தகடா, ஆணியா: சில போகங்கள் கடந்த பின்

மேற்கையிலுள்ள புயவென்பின் நடுப்பகுதி முறிந்து எனக்குத் தகடும் திருகாணிகளும், ஏறக்குறைய அதே இடம் முறிந்த என் மைத்துனருக்கு என்பின் நடுவேயுள்ள மச்சைக்குழியினுள் நீண்ட ஆணியும் வைக்கப்பட்டுச் சில ஆண்டுகள் ஆகின்றன. இருவரும் கிளிநொச்சியில் நெல் விதைப்பவர்கள் என்பதால், ஒரே வகை வேலையில் இரண்டு முறைகளையும் ஒப்பிட வாய்த்தது. என்பு இருவருக்கும் நன்றாகவே பொருந்திவிட்டது. வேறுபாடெல்லாம் என்பைச் சுற்றியுள்ளவற்றில்தான்.

தகடு வைப்பதற்குத் தசைகளை விலக்கி முறிவைத் திறக்க வேண்டும். என்பின் பின்புறத்தைச் சுற்றி இறங்கும் ஆரை நரம்பு அவ்வழியிலேயே கிடப்பதால், நிபுணர் முதலில் அதனைக் கண்டு காத்துக்கொள்கிறார். அந்நரம்பு பாதிக்கப்பட்டால் மணிக்கட்டு நிமிராமல் தொங்கிவிடும். முறிவே ஏறக்குறையப் பத்தில் ஒருவருக்கு இந்நிலையை உண்டாக்குவதும், பெரும்பாலானோருக்கு அது சில மாதங்களில் தானாகவே மீள்வதும் அறியப்பட்டவை. சத்திரசிகிச்சையின் பின் எனக்கும் மணிக்கட்டு தொங்கியது. அடுத்த காலபோகத்துக்குள் (மாரிகால நெற்செய்கைக்குள்) மண்வெட்டியை இறுகப் பிடிக்க முடிந்தது. தழும்பு நீளம்தான், ஆனால் தோள் முன்போலவே சுழல்கிறது.

மைத்துனரின் தழும்புகள் சிறியவை. பார்ப்பவர்கள் அவருக்கே நல்ல வைத்தியம் கிடைத்ததாக எண்ணுவார்கள். ஆனால் அவருடைய ஆணி, தோளின் உச்சியில் கையை உயர்த்த உதவும் தசைநாணைப் பிளந்து இறக்கப்பட்டது. நெல் மூடையைத் தூக்கும்போதும் மருந்துத் தெளிகருவியின் பட்டியை மாட்டும்போதும் அவருக்கு இன்னும் நோகிறது. ஆயினும் என்பு இரண்டு இடங்களில் முறிந்திருந்தாலோ, புற்றுநோயால் நலிந்து முறிந்திருந்தாலோ ஆணியே பெரிதும் விரும்பப்படுகிறது.

போரில் காலை இழந்து ஊன்றுகோலுடன் நடப்பவர்கள் பலர் வாழும், கிளிநொச்சியை உள்ளடக்கிய வன்னியில் இந்தத் தோள்நோவைச் சிறிதாகக் கருத முடியாது. உடலின் பாரத்தைத் தோளில் தாங்கி நடப்பவருக்கு, முறிவின் தன்மை இடம்கொடுக்குமானால், தகட்டைப் பற்றியே முதலில் கேட்கச் சொல்வேன்.

சத்திரசிகிச்சையின்றிக் கவச உறை அணிந்தும் பலருக்கு என்பு பொருந்துகிறது. பொருந்தாமல் போகும் வாய்ப்பு அதில் சற்றுக் கூடுதல் என்பதுடன், நம் வெயிலில் அதைப் பல வாரங்கள் அணிந்திருக்கவும் வேண்டும்.

என் தகட்டை எடுக்கவில்லை. தொந்தரவு தராத தகட்டை எடுக்கப் போனால் அதே நரம்பை மறுபடியும் தொட நேரிடும் என்பதால், நிபுணர் அதை அப்படியே விடச் சொன்னார். மைத்துனர் ஆணியை எடுப்பது பற்றி அறுவடை முடிந்ததும் கிளினிக்கில் கேட்கவிருக்கிறார். எடுத்தாலும் எல்லோருக்கும் தோள்நோவு தீர்வதில்லை என்று அவருக்கு ஏற்கெனவே சொல்லப்பட்டிருக்கிறது.