வாடும் மாமரத்துக்கு முதலில் எது: அரிவாளா, உரமா, கடப்பாரையா?

புறவாசலில் நிற்கும் முப்பது, நாற்பது வயது மாமரம் உச்சியிலிருந்து காயத் தொடங்கினால் திருநெல்வேலிப் பக்கத்தில் யோசனைக்குப் பஞ்சமே இராது. கிளையை வெட்டு, உரம் போடு, மருந்து வை, மரத்தையே எடுத்துவிட்டு ஒட்டுக்கன்று நடு என்பார்கள். மூடு என்கிற அடிமரத்தைச் சுற்றியுள்ள சிமெண்ட் தளத்தை உடை என்பவர் அபூர்வம். நான் முதலில் சொல்வது அதைத்தான்.

அதற்கு முன் மரத்தை நின்று பார்க்க வேண்டும். ஒரே ஒரு கிளை வாடினால் கோளாறு பெரும்பாலும் அந்தக் கிளையில்தான். துளையும் மரத்தூளும் பிசினும் தேடுங்கள். மரம் முழுவதும் இலை சிறுத்து வெளிறி, உச்சி மெலிந்தால் வேரைச் சந்தேகியுங்கள். இலையின் நுனியும் ஓரமும் மட்டும் கருகினால் போர் தண்ணீரின் உப்பு காரணமாக இருக்கலாம். காய்ந்த குச்சியை நகத்தால் கீறிப் பச்சை தெரிந்தால் அதில் உயிர் இருக்கிறது.

2023 டிசம்பர் 17, 18 வெள்ளத்துக்குப் பிறகு வளவுக்குள் மண்ணடித்து மேடாக்கியவர்கள் உண்டு. மறுபடி தண்ணீர் வருமோ என்ற பயம் நியாயமானது. ஆனால் நீரையும் சத்தையும் உறிஞ்சும் மெல்லிய வேர்கள் மேல்மண்ணில்தான் பரவியிருக்கின்றன. அவற்றுக்குக் காற்று வேண்டும். நல்ல மரம் தரையைத் தொடும் இடத்தில் விரிந்து வேராகப் பிரியும். மின்கம்பம் நட்டதுபோல் நேராக மண்ணுக்குள் இறங்கினால் மூடு புதைந்திருக்கிறது என்று பொருள். தளத்தை உடைக்கக் கடப்பாரை போதும். வேர் தெரிந்ததும் கடப்பாரையை வைத்துவிட்டுக் கைக்கொத்தால் மண்ணை விலக்குங்கள். விரிவு தெரியும்வரை எடுத்து, மூன்று நான்கு அங்குலம் சருகு மூடாக்குப் போடுங்கள். சருகு தண்டைத் தொடக்கூடாது. தண்ணீரைக் கிளை விரிந்திருக்கும் எல்லையில் விடுங்கள். சோப்புத் தண்ணீரை வேறு பக்கம் திருப்புங்கள். பலன் தெரிய ஒன்றிரண்டு பருவம் ஆகும், அதுதான் இதன் குறை. செலவோ ஓர் ஆள் கூலி.

கிளை வெட்டுவது உடனே கண்ணுக்குத் தெரியும் வேலை. நுனியிலிருந்து கீழே இறங்கும் பூஞ்சைக் கருகலுக்கு அது அவசியமும்கூட. காய்ந்த பகுதிக்குக் கீழே மூன்று அங்குலம் பச்சை மரத்திலேயே வெட்டி, வெட்டுவாயில் போர்டோ பசை பூச வேண்டும். சாணம் அப்புவதைவிட இது எவ்வளவோ மேல், ஏனென்றால் இது பூஞ்சையைத் தடுக்கிறது. பசைக்கு மயில்துத்தம் (காப்பர் சல்பேட்) 100 கிராம், சுண்ணாம்பு 100 கிராம், தண்ணீர் 1 லிட்டர்; தனித்தனியே கரைத்துப் பிளாஸ்டிக் வாளியில் கலக்குங்கள். இரும்புக் கத்தியை நனைத்தால் செம்பு நிறம் படியக்கூடாது. படிந்தால் இன்னும் சுண்ணாம்பு சேருங்கள். ஆனால் உயிருள்ள கிளைகளையும் மொட்டையடிப்பது கொடுமை. வேர் தளர்ந்த மரத்துக்கு மிஞ்சியிருக்கும் இலைதான் சாப்பாடு. நிழல் போன தண்டின் பட்டை சித்திரை வெயிலில் வெடிக்கும். காய்ப்பு முடிந்தபின், ஐப்பசி மழைக்கு முன்னால், செத்ததை மட்டும் வெட்டுவதே என் முடிவு.

உரத்தை நான் கடைசியில் வைக்கிறேன். மூச்சுத் திணறும் வேருக்கு யூரியா மேலும் சுமை. புதுக்கொழுந்து கண்ட பிறகு மக்கிய தொழுவுரம் போதும். மருந்து, துளைப்பான் வண்டு இருந்தால் மட்டுமே. துளையில் வளைந்த கம்பியை விட்டுப் புழுவை இழுத்துவிட்டுக் களிமண்ணால் அடைக்கலாம். அலுமினியம் பாஸ்பைடு மாத்திரையைச் சிலர் சிபாரிசு செய்வார்கள். அதன் வாயு மனிதரையே கொல்லும்; குழந்தைகள் நடமாடும் வீட்டுப் பக்கம் அது வரவே கூடாது. காரணம் பிடிபடவில்லை என்றால் மண்ணையும் நோய்ப்பட்ட கிளையையும் கிள்ளிகுளம் வேளாண்மைக் கல்லூரிக்குக் கொண்டுபோய்க் கேளுங்கள்.

மரத்தை எடுப்பதற்கு ஒட்டுக்கன்று சீக்கிரம் காய்க்கும் என்பது காரணமாகாது. நான்கைந்து ஆண்டில் காய் வந்துவிடும். அந்த நிழல் வராது. தண்டின் சுற்றளவில் பாதிக்குமேல் பட்டை செத்திருந்தாலோ, மரம் சாய்ந்து எதிர்ப்பக்க மண் எழும்பியிருந்தாலோ, தட்டினால் அடித்தண்டு பொள்ளலாக ஒலித்து வீட்டின்மேல் கவிந்து நின்றாலோ மட்டும் மரம் வெட்ட ஆளை அழையுங்கள். ஆடிக் காற்றுக்கு முன்பே அதை முடித்துவிடுங்கள்.