பொது நுண்ணறிவுக்கு மனித மூளை சரியான மாடலா? நீண்டகாலப் பயன்பாட்டு அனுபவம்

சுமார் 20 வாட் சக்தியில் ஓடுகிறது. திருவிழாக் கூட்டத்திலும் தெரிந்த முகத்தைச் சட்டென்று பிடித்துவிடும். இந்த மட்டில் மனித மூளையை அடித்துக்கொள்ள ஆளில்லை. ஆனால் ‘எந்த வேலைக்கும் ஏற்றது’ என்ற விளம்பரத்தை அப்படியே நம்பி, இயந்திர அறிவுக்கு அதை மாடலாக்கிவிட வேண்டாம்.

வீட்டிலேயே சோதிக்கலாம். நான்கு அட்டைகள், ஒரு பக்கம் எழுத்து, மறுபக்கம் எண். மேலே தெரிபவை ஆ, க, 4, 7. விதி: ஒரு பக்கம் உயிரெழுத்து என்றால் மறுபக்கம் இரட்டைப்படை எண். விதி மீறப்பட்டிருக்கிறதா என்று அறிய எவற்றைத் திருப்ப வேண்டும்? பெரும்பாலோர் ‘ஆ’ மட்டும், அல்லது ‘ஆ’வும் 4-ம் என்பார்கள். 4-க்குப் பின்னால் எந்த எழுத்து இருந்தாலும் விதி உடையாது; 7-க்குப் பின்னால் உயிரெழுத்து இருந்தால் உடைந்துவிடும். ஆக, ‘ஆ’வும் 7-ம். உளவியலாளர் பீட்டர் வேசன் 1966-ல் முன்வைத்த இந்தச் சோதனையில் பத்துக்கு ஒருவர் தேறினால் பெரிது.

அட்டைகளை மாற்றுங்கள்: ஒரு பக்கம் பானம், மறுபக்கம் குடிப்பவரின் வயது. மேலே தெரிபவை பீர், கோக், 22, 16. பீர் குடிப்பவருக்கு 19 வயது ஆகியிருக்க வேண்டும். 1982-ல் கிரிக்ஸ், காக்ஸ் என்ற உளவியலாளர்கள் வெளியிட்ட ஆய்வில் புளோரிடா மாணவர்களிடம் இதைக் கொடுத்தபோது கிட்டத்தட்ட நான்கில் மூவர் பீரும் 16-ம் என்று சரியாகச் சொன்னார்கள். தர்க்கம் அதேதான், சரக்குதான் வேறு! ஏன் இப்படி என்பதில் ஆய்வாளர்களின் சண்டை இன்னும் ஓயவில்லை.

பயிற்சி கொடுத்தால் சரியாகிவிடுமா? ஓரளவுக்குத்தான். 1980-ல் எரிக்சனும் சேஸும் வெளியிட்ட ஆய்வில், ஓட்டப்பந்தய வீரரான ஒரு மாணவர் 230 மணி நேரத்துக்கு மேல் பழகி, கேட்டதும் திருப்பிச் சொல்லும் இலக்கங்களை 7-லிருந்து 79 ஆக்கினார். 3492 என்றால் அவருக்கு 3 நிமிடம் 49.2 விநாடி, ஒரு மைல் ஓட்ட நேரம். இலக்கத்துக்குப் பதில் எழுத்துகளைக் கொடுத்ததும் எண்ணிக்கை 6-க்கு இறங்கிவிட்டது.

47 × 86-ஐ மனக்கணக்காகப் போட்டால் இன்னொரு குறை தெரியும். 47 × 6-க்கு 282 கிடைக்கும், 47 × 80-க்கு 3760-ஐப் போட்டு முடிப்பதற்குள் அந்த 282 நழுவிவிடும். பென்சிலும் தாளும் இருந்தால் 4042 என்ற விடை சுலபமாக வரும். பொதுத்திறன் என்று நாம் மெச்சுவதில் பெரும்பங்கு தாளுக்கும் பள்ளிக்கூடத்துக்கும் சேர வேண்டியது. மண்டைக்குள் இருப்பதை மட்டும் மாடலாக எடுத்தால் பாதிப் பொருள்தான் கைக்கு வரும்.

இயந்திரத்தை மனிதனோடு ஒப்பிடுபவர்கள் இரண்டு அட்டைக் கட்டுகளையும் இரு தரப்புக்கும் கொடுக்க வேண்டும். தாள் தருவதென்றால் இருவருக்கும் தர வேண்டும்.