48 மணி நேரம் எப்போது தொடங்குகிறது? ஏஜெண்டை நம்பி விமானத்தை விட்ட கதை

அமீரகத்துக்குப் போகும் நம் ஆட்கள் தயவுசெய்து முழுதாகப் படியுங்கள். இது 2021இல், கொரோனா தடைக் காலத்தில் எனக்கு நடந்தது.

எனக்கு ஷார்ஜா விசா. தங்கை கல்யாணத்துக்காக ஏப்ரலில் பட்டுக்கோட்டை வந்தேன். 24ஆம் தேதி இரவோடு இந்தியாவிலிருந்து போகும் பயணிகளுக்கு அமீரகத்தில் கதவை மூடிவிட்டார்கள். ஆகஸ்ட் 5 முதல், அங்கேயே இரண்டு தடுப்பூசியும் போட்டு 14 நாள் முடிந்த ரெசிடெண்ட் விசாக்காரர்கள் வரலாம் என்று அறிவிப்பு வந்தது. இரண்டு ஊசியும் நான் ஷார்ஜாவில் போட்டவன். தடுப்பூசி விவரம் காட்டும் அமீரகத்தின் அல்ஹொசன் ஆப்பில் எல்லாம் சரியாக இருந்தது. ஆறு மாதம் வெளியே இருந்தால் விசா போய்விடுமோ என்ற பயத்தில், ஊரில் இருக்கும் ஒரு டிராவல்ஸுக்கு ஓடினேன்.

"டிக்கெட், அப்ரூவல், டெஸ்ட் எல்லாம் சேர்த்து 36,500 தம்பி. நீங்க பெட்டியோட போய் இறங்கினா போதும்" என்றார் அந்த ஏஜெண்ட். கட்டினேன்.

முதல் கோளாறு அப்ரூவலில். திரும்பி நுழைவதற்கான அந்த அனுமதியை அப்போது துபாய் விசாக்காரர்கள் ஜிடிஆர்எஃப்ஏ என்ற துபாய் குடியேற்றத் துறையில் வாங்க வேண்டியிருந்தது, மற்ற எமிரேட் விசாக்காரர்கள் ஐசிஏ என்ற மத்திய அடையாள, குடியுரிமைத் துறையில் வாங்க வேண்டியிருந்தது. இவர் எனக்கும் ஜிடிஆர்எஃப்ஏவில் போட்டு, அது நிராகரிக்கப்பட்டதைக்கூடச் சொல்லவில்லை. ஷார்ஜாவில் இருக்கும் ரூம்மேட் சொல்லித்தான் தெரிந்தது. பாஸ்போர்ட்டையும் எமிரேட்ஸ் ஐடியையும் வைத்துக்கொண்டு கைப்பேசியிலேயே நானே ஐசிஏவில் போட்டு முடித்தேன். அன்றைக்கே அந்த ஆளை விட்டிருக்க வேண்டும். பணம் கட்டியாச்சே என்று விடவில்லை.

வெள்ளிக்கிழமை இரவு 9 மணிக்குச் சென்னையிலிருந்து விமானம். கிளம்பும் முன் 48 மணி நேரத்துக்குள் எடுத்த ஆர்டி-பிசிஆர் கொரோனா டெஸ்ட் நெகட்டிவ் ரிப்போர்ட் கேட்டார்கள். ஆர்டி-பிசிஆருக்கு அவர் அனுப்பிய பையன் புதன்கிழமை காலை 11 மணிக்கே வீட்டுக்கு வந்து மூக்கில் குச்சியை விட்டு எடுத்துப் போனான். 48 மணி நேரம் தாண்டுமே அண்ணே என்று போன் செய்து கேட்டேன். "ரிசல்ட் வந்த நேரத்துலருந்துதான் தம்பி கணக்கு" என்றார். ரிசல்ட் புதன் இரவு 10 மணிக்கு வந்தது. அவர் கணக்குப்படி 47 மணி நேரம். நம்பி, வியாழன் இரவு பஸ் ஏறினேன்.

விமான நிலையத்தில் பணம் கட்டி, சீக்கிரம் முடிவு வரும் ரேப்பிட் பிசிஆரும் எடுத்தேன், நெகட்டிவ். அப்புறம் செக்-இன் கவுண்டர். அந்தப் பெண் என் ரிப்போர்ட்டில் "சாம்பிள் எடுத்த நேரம்" என்ற வரியில் பேனாவை வைத்து, புதன் 11 மணியிலிருந்து விரல் விட்டு எண்ணினார். 58 மணி நேரம். க்யூஆர் கோடை ஸ்கேன் செய்தார், என் ரிப்போர்ட் வரவில்லை, லேபின் முகப்புப் பக்கம் வந்தது. "சாரி சார், போர்டிங் தர முடியாது." ரேப்பிட் நெகட்டிவ் சீட்டைக் காட்டிக் கெஞ்சினேன். இரண்டும் வேண்டும் என்று சொல்லிவிட்டார். அவர் மேல் தப்பே இல்லை.

ஏஜெண்டுக்குப் பத்து முறை போன் செய்தேன், எடுக்கவில்லை. மறுநாள், "ரூல் மாறிடுச்சு தம்பி, நான் என்ன பண்ண?" என்றார். ரூல் மாறவில்லை. சாம்பிள் எடுத்த நேரத்திலிருந்துதான் கணக்கு என்று விமான நிறுவனத்தின் பக்கத்திலேயே போட்டிருந்தது. டிக்கெட் பணத்தில் ஒரு பைசா திரும்பவில்லை.

குரோம்பேட்டையில் சித்தப்பா வீட்டில் தங்கி, ஞாயிறு காலை நானே லேபுக்குப் போய் டெஸ்ட் எடுத்தேன். ரிப்போர்ட் கைக்கு வந்ததும் அங்கேயே நின்று க்யூஆரைத் திறந்து பார்த்தேன். பெயர், பாஸ்போர்ட் எண், சாம்பிள் நேரம் மூன்றும் சரி. திங்கள் இரவு வேறு டிக்கெட், மறுபடி ரேப்பிட் டெஸ்ட். வந்து சேர்ந்துவிட்டேன். அந்த இரண்டாவது டிக்கெட்டுக்கு அம்மாவின் வளையல் அடகுக்குப் போனது.

எங்கள் தெருப் பையன்கள் இரண்டு பேர் அப்போது அதே ஆளிடம் பணம் கட்டியிருந்தார்கள், அடுத்த வாரம் பயணம். இருவருக்கும் அபுதாபி விசா. அப்ரூவல் எங்கே போட்டிருக்கிறார் என்று கேட்டால், "அண்ணன் பாத்துக்குவார்" என்றார்கள்.