ஜலதோஷத்துக்கு மூன்று சீனக் கஷாயங்கள்: முதலில் வியர்வையைப் பாருங்கள்

"ஜலதோஷத்துக்கு எந்தச் சீன மருந்து நல்லது?" என்று கேட்டால், விவரம் தெரிந்த சீன வைத்தியர் சட்டென்று ஒரு பெயரைச் சொல்லிவிட மாட்டார். வியர்க்கிறதா, குளிர் அதிகமா சூடு அதிகமா, தொண்டை வலிக்கிறதா என்று திருப்பிக் கேட்பார். நாம் ஒரே சொல்லில் முடிக்கிற நோயை அவர்கள் உடம்பு காட்டும் குறிகளை வைத்துப் பிரிக்கிறார்கள், கஷாயமும் அதற்கேற்ப மாறும். அதிகம் பேசப்படும் மூன்றை மட்டும் இங்கே எடுத்துக்கொள்கிறேன்.

குய் ஜி தாங், மா ஹுவாங் தாங் இரண்டும் (தாங் என்றால் கஷாயம்) கி.பி. 200ஐ ஒட்டி ஜாங் ஜோங்ஜிங் என்ற சீன வைத்தியர் எழுதிய ஷாங் ஹான் லுன் என்ற மருத்துவ நூலில் இருப்பவை. இரண்டுமே குளிர் தாக்கிய உடம்புக்குத்தான். லேசாக வியர்க்கிறது, ஆனாலும் காற்று பட்டால் உடம்பு கூசுகிறது என்றால் குய் ஜி. வியர்வையே இல்லாமல் குளிரும், உடம்பெல்லாம் வலியும், மூச்சிரைப்புமாக இருந்தால் மா ஹுவாங்.

மூன்றில் எனக்கு மிகவும் பிடித்தது குய் ஜி தாங். பட்டை மரத்தின் இளங்குச்சி, பியோனி என்ற பூச்செடியின் வேர், இஞ்சி, வறுத்த அதிமதுரம், 12 சீன இலந்தைப் பழம், அவ்வளவுதான். பியோனியை விட்டால் மற்றதெல்லாம் நமக்குப் பழகிய வாசனைகள். இதில் அழகே குடிக்கச் சொல்லியிருக்கும் முறைதான்: கஷாயம் குடித்த கொஞ்ச நேரத்தில் சூடாக, நீர்க்க ஒரு கஞ்சி குடிக்க வேண்டும், அப்புறம் ஏறக்குறைய இரண்டு மணி நேரம் போர்த்திக்கொண்டு படுக்க வேண்டும், உடம்பு முழுக்க லேசாக ஈரம் கசிந்தால் போதும், தண்ணீர் மாதிரி வழிய விட்டால் நோய் போகாது என்று நூல் கறாராகச் சொல்கிறது. ஒரு வேளையிலேயே குணம் தெரிந்தால் மீதியைக் குடிக்கத் தேவையில்லை. இறைச்சி, மது, பச்சையானது, குளிர்ந்தது எதுவும் கூடாது. மருந்தோடு பத்தியத்தையும் சேர்த்தே எழுதியிருப்பது நம் பாட்டி வைத்தியம் தெரிந்தவர்களுக்குச் சட்டென்று புரியும்.

மா ஹுவாங் தாங் அப்படிச் சாதுவானதல்ல. மா ஹுவாங் என்கிற எபெட்ரா செடியின் தண்டை முதலில் தனியாகக் கொதிக்கவிட்டு, மேலே திரளும் நுரையை எடுத்துவிட்டுத்தான் பட்டை மரக் குச்சி, ஆப்ரிகாட் கொட்டை, அதிமதுரம் மூன்றையும் போடுவார்கள். கஞ்சி வேண்டாம், வியர்வையைக் கொண்டுவர இந்தக் கஷாயமே போதும். இந்தச் செடியிலிருந்துதான் 1885இல் ஜப்பானின் நாகாய் நாகயோஷி எபெட்ரினைப் பிரித்தெடுத்தார். அது மூச்சுக்குழாயை விரிக்கும், ஆனால் இதயத் துடிப்பையும் ரத்த அழுத்தத்தையும் ஏற்றிவிடும். எபெட்ரா கலந்த துணை உணவுகளை அமெரிக்கா 2004இல் தடை செய்ததற்குக் காரணமும் இந்த ஆபத்துதான். பிரஷர், இதயக் கோளாறு, கர்ப்பம், எது இருந்தாலும் இந்தப் பக்கமே போகாதீர்கள். மற்றவர்களும் சொந்தமாக வாங்கிக் குடிப்பதை நான் ஒப்புக்கொள்ள மாட்டேன்.

மூன்றாவது, யின் சியாவ் சான். இது பிந்தியது: வூ ஜூதோங் என்ற வைத்தியர் 1798இல் எழுதி முடித்த வென் பிங் தியாவ் பியன் நூலில் வருகிறது. அவர் பேசுவது குளிரால் அல்ல, சூட்டால் வரும் காய்ச்சலை. தொண்டை எரிகிறது, தாகம் எடுக்கிறது, குளிர் கொஞ்சம்தான், சூடு அதிகம் என்றால் இது. ஹனிசக்கிள் என்ற கொடியின் மொட்டும் ஃபோர்சித்தியா என்ற செடியின் காயும் முக்கியச் சரக்கு, கூடவே புதினா, மூங்கில் இலை இன்னும் சில. மூலிகைப் பொடியை நாணல் வேர்த் தண்ணீரில் கொதிக்கவைத்து, வாசனை கும்மென்று எழும்பியதும் இறக்கிவிட வேண்டும். நேரமானால் வாசனையெல்லாம் ஆவியாகிவிடும். கஷாயம் என்றாலே சுண்டக் காய்ச்சும் பழக்கத்தை இதில் விட்டுவிடுங்கள்.

சரி, எதை எடுப்பது? தொண்டை வலியோடு தொடங்கினால் யின் சியாவ், வியர்வையும் குளிரும் சேர்ந்து வந்தால் கஞ்சியோடு குய் ஜி. சாதாரண ஜலதோஷம் சில நாளில் தானாகவே போய்விடும் என்பதால், மருந்து எவ்வளவு செய்தது, உடம்பு எவ்வளவு செய்தது என்று வீட்டிலிருந்து பிரித்துச் சொல்ல முடியாது. மூன்று நாளுக்கு மேல் கடும் காய்ச்சல், மூச்சுத் திணறல், நெஞ்சு வலி என்றால் எந்தக் கஷாயமும் வேண்டாம், மருத்துவரிடம் போங்கள்.

யின் சியாவை மாத்திரையாக வாங்குகிறவர்கள் பெட்டியைத் திருப்பிப் படியுங்கள். வைட்டமின் சி சேர்த்து விற்கும் வகையில் பாரசிட்டமாலும் குளோர்பெனிரமின் என்ற அலர்ஜி மருந்தும் இருக்கும். மூலிகைதானே என்று அதைப் போட்டுக்கொண்டு, காய்ச்சலுக்குத் தனியாகப் பாரசிட்டமாலும் போட்டால் அளவு கூடிப்போய், அடி கல்லீரலில் விழலாம்.