வீட்டில் வாயுவை அளக்க ஒரு வேதியியல் பெட்டி: சிரிஞ்சு அருமை, தராசு போதாது

கோலாலம்பூர் பிரிக்பீல்ட்ஸில் பள்ளி நூல்கள் விற்கும் ஒரு கடையில், படிவம் 4 பயிலும் என் மகளுக்காக 180 ரிங்கிட்டுக்கு ஒரு வேதியியல் பயிற்சிப் பெட்டி வாங்கினேன். மோல் (பொருளின் துகள்களை எண்ணும் அலகு) கணக்கை மனப்பாடம் செய்து, மலேசியாவின் பள்ளி இறுதித் தேர்வான எஸ்பிஎம்முக்குப் போகும் பிள்ளைகளுக்கு, அந்த எண்கள் எங்கிருந்து வருகின்றன என்பதைக் கையால் தொட்டுக் காட்ட இத்தகைய கருவிகள் தேவை என்பது என் உறுதியான கருத்து.

பெட்டியின் உயிர்நாடி 100 மில்லிலிட்டர் கண்ணாடி சிரிஞ்சுதான். முனையை ரப்பர் மூடியால் அடைத்து, செங்குத்தாக நிறுத்தி, தண்டின் மீது ஒரு கிலோ அரிசிப் பொட்டலத்தை வைத்தால், 60 மில்லிலிட்டரில் நின்ற காற்று 53-க்கு அருகே இறங்குகிறது. இரண்டு கிலோ வைத்தால் 47-க்கு அருகே. எடை இரட்டித்தும் கன அளவு ஏன் பாதியாகவில்லை என்று பிள்ளைகள் திகைப்பார்கள். வளிமண்டலம் ஏறத்தாழ 101 கிலோபாஸ்கல் அழுத்தத்துடன் தண்டை ஏற்கெனவே அழுத்திக்கொண்டிருக்கிறது என்பதையும், அதையும் சேர்த்தால்தான், அழுத்தம் எத்தனை மடங்கு கூடுகிறதோ அத்தனை மடங்கு வாயுவின் கன அளவு குறையும் என்று 1662-இல் பாயில் வெளியிட்ட விதி பொருந்தும் என்பதையும் கையேடு தெளிவாக விளக்குகிறது.

அடுத்த சோதனையில்தான் பெட்டியின் பலமும் பலவீனமும் ஒருசேர வெளிப்படுகின்றன. ஒரு மீட்டர் மக்னீசிய நாடாவைப் பெட்டியிலுள்ள தராசு 0.9 கிராம் என்று காட்டியது. ஆகவே 5 சென்டிமீட்டர் துண்டு 0.045 கிராம், அதாவது 24 கிராம் மக்னீசியம் ஒரு மோல் என்ற கணக்கில் 0.001875 மோல். பாடநூல் தரும் 24 லிட்டர் மோலார் கன அளவின்படி (ஒரு மோல் வாயு அடைத்துக்கொள்ளும் இடம்) 45 மில்லிலிட்டர் ஹைட்ரஜன் கிடைக்க வேண்டும். துண்டைச் சிரிஞ்சுடன் இணைத்த குடுவையிலிருந்த வினிகரில் போட்டதும், நுரைத்துக்கொண்டே கரைந்து, தண்டை மெல்ல வெளியே தள்ளி, 48-இல் நிறுத்தியது.

இந்த மூன்று மில்லிலிட்டருக்குக் கையேட்டில் விளக்கமே இல்லை. 24 லிட்டர் என்பது சுமார் 20 டிகிரி வெப்பநிலைக்குரிய அளவு. எங்கள் வீட்டு அறையில் 30 டிகிரி. அந்த வெப்பத்தில் ஒரு மோல் வாயு 25 லிட்டரை நெருங்கிவிடும், கூடவே நீராவியும் சேரும். மலேசியாவில் விற்கும் பெட்டி இதைச் சொல்லாமல் விட்டது பெரிய குறை. சரியாகச் செய்த பிள்ளை, தான் தவறிவிட்டதாக நினைத்துக்கொள்ளும்.

தராசு அதைவிட மோசம். 0.1 கிராம் படிகளில் மட்டுமே காட்டுவதால், 0.9 என்பது 0.85 ஆகவும் இருக்கலாம், 0.95 ஆகவும் இருக்கலாம். எதிர்பார்க்கும் வாயுவும் 42.5 முதல் 47.5 மில்லிலிட்டர் வரை தடுமாறுகிறது. கூடுதல் வாயு வெப்பத்தால் வந்ததா, தராசின் பிழையால் வந்ததா என்று பிரித்தறிய வழியில்லை. நகைக்கடைகளில் இருப்பதுபோன்ற 0.01 கிராம் தராசு ஒன்றைத் தனியாக வாங்கி நிறுத்தபோது நாடா 0.89 கிராம் என்று தெரிந்தது. அதன் பிறகே கூடுதலுக்குக் காரணம் வெப்பமும் நீராவியும்தான் என்று மகளால் நம்பிக்கையுடன் எழுத முடிந்தது.

மூலக்கூறு மாதிரிப் பந்துகள் சுமார் ரகம். ஹைட்ரஜனும் ஆக்சிஜனும் ஒரே பருமனில் இருப்பதைப் பிள்ளைகளிடம் சொல்லித் திருத்திவிடுங்கள்.

சிரிஞ்சுக்காகவே பெட்டியை வாங்கலாம், ஆனால் 0.01 கிராம் தராசுக்கும் சேர்த்துப் பணம் ஒதுக்குங்கள். ஹைட்ரஜன் சேரும் சோதனையின்போது அருகில் அடுப்போ விளக்கோ எரியக் கூடாது, பெரியவர் ஒருவர் உடனிருக்க வேண்டும்.