செம்புத் தகடும் பெருங்கான்வாசும்: வளத்தின் இரு ஃபிளெமிய ஓவியங்கள்

ஃபிளாண்டர்ஸ் (இன்றைய பெல்ஜியப் பகுதி) ஓவியர்கள் தீட்டிய இந்த இரு படங்களும் ஸ்பெயினின் மாட்ரிட் பிராடோ அருங்காட்சியகத்தில் உள்ளவை. இரண்டிலும் இரண்டு ஓவியர்களின் கை. மூத்த யான் புரூகல் 1606 வாக்கில் கனி, மீன், பறவைகளைத் தீட்ட, ஹென்ட்ரிக் தே கிளெர்க் மனித உருவங்களை வரைந்த 'வளமும் நான்கு பூதங்களும்' செம்புத் தகட்டு ஓவியம், 51 × 64 செ.மீ. (ஐரோப்பிய மரபில் பூதங்கள் நான்குதான், ஆகாயம் சேராது.) செம்பு எண்ணெயை உறிஞ்சாது, அதனால் மெல்லிய பூச்சிலேயே செதிலும் சிறகும் துல்லியமாக நிற்கின்றன. தகடு வளைந்தாலோ அடிபட்டாலோ வண்ணம் சில்லு சில்லாக உரியும். அருகில் நின்று இனம் பிரித்துப் பார்க்க வேண்டிய படம்.

ரூபென்ஸ் உருவங்களையும் ஸ்னைடர்ஸ் கனிகளையும் தீட்டிய 'சீரீஸும் இரு வனதேவதைகளும்' (1615-17; சீரீஸ் ரோமானியரின் விளைச்சல் தெய்வம்) இரண்டு மீட்டருக்கும் உயரமான கான்வாஸ். வளக்கொம்பில் (வளத்தின் சின்னமான கொம்பு வடிவக் கலம்) குவியும் பழங்களின் கனம் தூரத்திலிருந்தே தெரிகிறது. விளைச்சலின் செழிப்பை உணர இதுவே மேல். நீரும் காற்றும் நெருப்பும் கூடினால்தான் மண் விளையும் என்ற கருத்து புரூகலிடம்தான் முழுதாக இருக்கிறது.